காவடிக்குப் பிந்தைய கப்பல் பயணக் குழு: துண்டுகளைப் பற்றி ஒரு தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தின் மாலை உரையாடல்

நான் (மாலை 6.40): அனைவருக்கும் வணக்கம். பயணச் சீட்டுகளை அவரவருக்குத் தனியே அனுப்பிவிட்டேன். தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த வாரம் டர்பன் துறைமுகத்தின் நெல்சன் மண்டேலா முனையத்தில் ஏறி, மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவு வரை சென்று திரும்புகிறோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று டர்பனைச் சுற்றியுள்ள நம் வீடுகளையெல்லாம் சேர்த்து நாம் 11 பேர். நமக்கு 4 அறைகள். இன்று ஒரே ஒரு செய்தியை மட்டும் முடிவு செய்ய வேண்டும். நீச்சல் குளத்துக்கும் கடற்கரைக்கும் உரிய துண்டுகளை யார் வாங்குவது, யார் காவல் காப்பது, யார் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் அது.

சாட்ஸ்வொர்த் மாமா (மாலை 6.44): துண்டுக்கு ஒரு கூட்டமா, அம்மா? விடுதிக்குப் போனால் துண்டு கொடுக்கிறார்கள், துடைக்கிறோம், வந்துவிடுகிறோம். கப்பலில் மட்டும் அதற்கு என்ன தனிச் சட்டம்?

ஃபீனிக்ஸ் அக்கா (மாலை 6.51): தனிச் சட்டம் இருக்கிறது, மாமா. நாங்கள் முன்பு சென்ற கப்பலில் ஆளுக்கு ஓர் அட்டை அறையிலேயே வைக்கப்பட்டிருந்தது. குளத்தருகே உள்ள கவுண்டரில் அட்டையைக் கொடுத்தால் துண்டு கிடைக்கும். துண்டைக் கொடுத்தால் அட்டை திரும்பும். ஒன்றும் கடினமில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். சின்னவன் ஈரத் துண்டைச் சாய்வு நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் பீட்சாவுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொரு குடும்பம் அமர்ந்திருந்தது, துண்டைக் காணவில்லை. இறங்குகிற காலையில் கணக்குச் சீட்டைப் பார்த்தால், காணாமற்போன துண்டின் விலை எங்கள் அறைக் கணக்கில் ஏறியிருந்தது. யாரிடம் வாதிடுவது? துண்டும் கையில் இல்லை, அட்டையும் கையில் இல்லை.

மாமா மகன் (மாலை 6.55): எல்லாக் கப்பலிலும் ஒரே முறை இல்லை, அப்பா. சிலவற்றில் காகித அட்டை. சிலவற்றில் அறைக் கதவைத் திறக்கும் அட்டையையே கவுண்டரில் வருடிப் பதிவு செய்கிறார்கள். இன்னும் சிலவற்றில் கடற்கரைத் துண்டுகளை அறையிலேயே மடித்து வைத்துவிடுகிறார்கள். முறை எதுவானாலும் திரும்பாத துண்டுக்குப் பணம் உண்டு. சில பெரிய நிறுவனங்கள் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 25 அமெரிக்க டாலர் பிடிக்கின்றன. அதை ராண்டில் பெருக்கிப் பார்த்தால் அப்பாவே கூட்டத்தைக் கூட்டியிருப்பார்.

சாட்ஸ்வொர்த் மாமா (மாலை 6.56): பெருக்கிப் பார்த்தேன். கூட்டம் தொடரட்டும்.

பெரியம்மா (மாலை 7.02): எனக்கு ஓர் ஐயம். குளியலறையில் வெள்ளைத் துண்டுகள் அடுக்கி வைத்திருப்பார்களே, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டால் இந்த அட்டைத் தொல்லையே இல்லையல்லவா? (இந்தக் குழுவில் எல்லாரும் முழு வாக்கியத்தில், தமிழிலேயே எழுதுவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இதைத்தான்.)

அண்ணன் (மாலை 7.10): அம்மா, அதைச் செய்யவே கூடாது. குளத்துத் துண்டுக்கு வேறு நிறமோ கோடுகளோ இருப்பதன் காரணமே இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதுதான். வெள்ளைத் துண்டு அறைக்கு உரியது; மேல்தளத்தில் வைத்துவிட்டு மறந்தால் அதுவும் அறையின் கணக்கில் குறைவாகத்தான் தெரியும். நான் வேலை செய்யும் சலவைக் கூடம் விடுதிகளுக்கானது என்றாலும் கப்பலிலும் வேலை இப்படித்தான் நடக்கும். கீழ்த்தளத்தில் இரவும் பகலும் ஓடும் சலவைக் கூடத்தில், கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த நன்னீரை வைத்துத் துவைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் எண்ணித்தான் மேலே வருகிறது, எண்ணித்தான் கீழே போகிறது. நடுக்கடலில் துண்டு குறைந்தால் கடைக்குப் போய் வாங்க முடியாது என்பதால்தான் இத்தனை கண்டிப்பு.

ஃபீனிக்ஸ் அக்கா (மாலை 7.12): வெள்ளைத் துண்டை எடுத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அறைப் பணியாளர் அதை யானையாகவும் குரங்காகவும் மடித்து வைத்திருப்பார். பிள்ளைகள் அந்த யானையைக் கலைக்க விட மாட்டார்கள். ஒரு மாலை நாங்கள் நால்வரும் ஒரே துண்டில் துவட்டிக்கொண்டோம்.

சாட்ஸ்வொர்த் மாமா (மாலை 7.15): நான் ஒரு யோசனை சொல்கிறேன். நான் எப்படியும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். நிழலுள்ள பக்கமாகப் பார்த்து, 11 நாற்காலிகளிலும் ஒவ்வொரு துண்டை விரித்துவிட்டு வந்து, சாவகாசமாகத் தேநீர் குடிக்கிறேன். நீங்கள் பத்து மணிக்கு வந்தாலும் இடம் காத்திருக்கும்.

மாமா மகன் (மாலை 7.17): அப்பா, தயவுசெய்து வேண்டாம்.

நான் (மாலை 7.21): மாமா, ஆளில்லாத நாற்காலிகளில் கிடக்கும் துண்டுகளைப் பணியாளர்கள் நேரம் குறித்து வைத்துக் கவனிப்பார்கள், பல கப்பல்களில் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் கடந்தும் யாரும் வராவிட்டால் பொருள்களை எடுத்து ஓரிடத்தில் சேர்த்துவிடுவார்கள். துண்டு மட்டும் கிடந்தால் அது நேரே அழுக்குக் கூடைக்குப் போகும். கூடைக்குள் விழுந்த துண்டு யாருடையது என்று எழுதியிருக்காது. ஆக, கப்பலின் துண்டு கப்பலிடமே போய்ச் சேர்ந்திருக்கும்; ஆனால் நம் பெயரில் உள்ள பதிவு மட்டும் அப்படியே நிற்கும். நீங்கள் 11 துண்டுகளை விரித்தால் 11 துண்டுகளுக்கும் நாம் பணம் கட்ட நேரலாம். பிறருக்கு இடம் இல்லாமல் செய்வது முறையா என்பது தனி. அதைப் பெரியம்மா பார்த்துக்கொள்வார்கள்.

பெரியம்மா (மாலை 7.23): தம்பி, நீ இங்கே கோவில் அன்னதானப் பந்தியிலும் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவன். கப்பலில் அது வேண்டாம்.

டோங்காட் சித்தி (மாலை 7.30): எனக்குக் குளத்தைவிடத் தீவு நாள்தான் கவலையாக இருக்கிறது. இன்யாக்கா தீவுக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சிறிய தீவில் குடியிருப்பு எதுவும் இல்லை. கப்பல் தள்ளி நிற்கும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும், இறங்கும்போதே கால் நனையும் என்கிறார்கள். 11 பேரின் கனமான துண்டுகளையும் தூக்கிக்கொண்டு யார் படகில் ஏறி இறங்குவது? கப்பல் துண்டைக் கொண்டுபோனால் அதே அட்டைக் கணக்கு அங்கேயும் தொடரும்; மணலில் புதைந்து ஒன்று போனாலும் பணம்தான். தமிழ்நாட்டுக்குப் போனபோது வாங்கி வந்த ஈரிழைத் துண்டுகள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. தீவுக்கு அவற்றையே கொண்டுபோனால் என்ன?

பெரியம்மா (மாலை 7.33): ஈரிழைத் துண்டு மெல்லியது, தங்கச்சி. அதை மணலில் விரித்தால் சூடு நேராக உடம்பில் ஏறும். தேங்காய்ப்பூத் துண்டுதான் விரித்துப் படுக்க நல்லது.

அண்ணன் (மாலை 7.41): விரிக்க அது நல்லதுதான், அம்மா, ஆனால் தூக்கிச் சுமக்க நல்லதில்லை. 140 சென்டிமீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு, சதுர மீட்டருக்கு 500 கிராம் கனமுள்ள நெசவாக இருந்தால், உலர்ந்திருக்கும்போதே ஏறக்குறைய அரைக் கிலோ. 11 துண்டுகளுக்கு ஐந்தரைக் கிலோ என்றால், நனைந்தபின் அந்தப் பையை மாமாவே தூக்க மாட்டார். அதன் நூல் வளையங்களுக்குள் மணலும் புகுந்துகொள்ளும். எத்தனை முறை உதறினாலும் அறைக்குள் வந்துதான் கொட்டும். ஈரிழைத் துண்டு தட்டையான நெசவு என்பதால் ஓர் உதறலில் மணல் போய்விடும், காற்றில் விரைவாகக் காயும். சித்தி சொல்வது சரி. விரித்து உட்கார வேண்டுமானால் இரண்டு பாய்களை எடுத்துக்கொள்ளலாம்.

டோங்காட் சித்தி (மாலை 7.43): பாய் நான் கொண்டு வருகிறேன். அறைக்குத் திரும்பியபின் அவற்றை எங்கே உலர்த்துவது? பால்கனி இருக்கிறதல்லவா?

நான் (மாலை 7.46): பால்கனிக் கம்பியில் துணி போடக் கூடாது என்பதைப் பெரும்பாலான கப்பல்களில் விதியாகவே வைத்திருக்கிறார்கள். கடற்காற்றில் துண்டு பறந்து கீழ்த்தளத்துப் பால்கனியில் விழலாம், கடலுக்குள் போகலாம். மேலிருந்து எவராவது எறியும் சிகரெட் துண்டு அதில் விழுந்தால் தீயே பிடிக்கலாம். கப்பலில் தீயைப் போல அவர்கள் அஞ்சுவது வேறெதுவும் இல்லை.

அண்ணன் (மாலை 7.54): அறைக்குள்ளேயே காயும். குளிர்சாதனக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். நம் ஊர்த் தை மாதக் கோடைப் புழுக்கத்தில் வெளியே தொங்கவிடுவதைவிட அதுவே விரைவு. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடுகள் என்பதால் காந்தக் கொக்கி ஒட்டிக்கொள்ளும், ஆணியும் பசையும் தேவையில்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: கடலில் நனைந்த துண்டை முதலில் குழாய் நீரில் நன்றாக அலசிப் பிழிய வேண்டும். அலசாமல் உலர்த்தினால் நூலில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் தொட்டுப் பார்த்தால் இரவில் இருந்த அதே பிசுபிசுப்பு இருக்கும். பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காயப்போடவும் வேண்டாம். பல அறைகளில் கதவு திறந்திருந்தால் குளிர்சாதனம் தானாக நின்றுவிடும்.

பெரியம்மா (இரவு 8.01): தீவுக்குப் போகும் காலையில் எல்லாரும் உடம்பில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தால் உப்புநீர் தோலை வறட்டாது. சிறு வயதில் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் என் அம்மா, அதாவது உங்கள் ஆயா, எங்களுக்கு அப்படித்தான் தேய்த்துவிடுவார்கள்.

அண்ணன் (இரவு 8.12): அம்மா, எண்ணெய் தேய்த்தால் கப்பல் துண்டில் மட்டும் துடைக்காதீர்கள். வண்ணத் துண்டில் கறை விழும் என்பது சிறிய காரணம். பெரிய காரணம் சலவைக்காரனுக்குத்தான் தெரியும். துணியில் ஊறிய தாவர எண்ணெய் ஒரே துவைப்பில் முழுவதும் போகாது. உலர்த்தும் இயந்திரத்தில் சூடேறிய துண்டுகளை ஆறவிடாமல் குவித்து வைத்தால், எஞ்சிய எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலும் சூட்டை உண்டாக்கும். குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பெருகி, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்வது உண்டு. உடம்பு பிடித்துவிடும் நிலையங்களிலிருந்து வரும் துண்டுகளை நாங்கள் தனியே துவைப்பதும், உலர்த்தியைக் கடைசிச் சில நிமிடங்கள் குளிர்ந்த காற்றில் ஓட்டுவதும் இதனால்தான். ஆளிவிதை எண்ணெய் மிகவும் மோசம், தேங்காய் எண்ணெயில் ஆபத்து குறைவு. நல்லெண்ணெய் இரண்டுக்கும் இடையில்.

பெரியம்மா (இரவு 8.15): சரி, எண்ணெய் வீட்டிலேயே இருக்கட்டும். இத்தனை நாள் நீ இதை எனக்குச் சொல்லவே இல்லையே.

ஃபீனிக்ஸ் அக்கா (இரவு 8.19): அட்டைகளை யார் வைத்திருப்பது என்பதை இன்னும் நாம் பேசவில்லை. என் பிள்ளைகளிடம் கொடுத்தால் அட்டை முதல் நாளே குளத்தின் அடியில் கிடக்கும்.

நான் (இரவு 8.30): அட்டைகளை ஒரே ஆளிடம் சேர்த்து வைப்பதும் சரிவராது, அவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் யாருக்கும் துண்டு கிடைக்காது. அறைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பெரியம்மா அறைக்கு அண்ணன், மாமா அறைக்கு அத்தை (மாமா மன்னிக்கவும்), ஃபீனிக்ஸ் அறைக்கு அக்கா, எனக்கும் சித்திக்கும் உள்ள அறைக்கு நான். துண்டு வாங்குவதும் கொடுப்பதும் அந்த ஒருவர் மூலமாகத்தான் நடக்க வேண்டும். துண்டைக் கொடுக்கும்போது பணியாளர் அட்டையைத் திருப்பித் தந்தாரா, அல்லது பதிவை நீக்கினாரா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கவுண்டரை விட்டு நகர வேண்டும். கவுண்டர் மூடியிருந்தால் துண்டை அங்கே வைத்துவிட்டு வராமல் அறைக்கே கொண்டு வந்துவிடுங்கள். மேசைமேல் தனியே கிடக்கும் துண்டு யார் கணக்கிலும் சேராது.

மாமா மகன் (இரவு 8.33): கடைசி மாலையில் கவுண்டர் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதைக் கப்பலில் தரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். கப்பல் துண்டு தவறிப்போய்ப் பெட்டிக்குள் மடிந்திருந்தால் வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். அதனால் அன்று மாலை குளத்துக்குப் போகிறவர்கள் கவுண்டர் மூடும் முன்பே துண்டைக் கொடுத்துவிடுங்கள். நமது ஈரிழைத் துண்டுகள் ஈரமாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

டோங்காட் சித்தி (இரவு 8.36): எல்லாத் துண்டும் ஒரே நிறமாக இருந்தால் குளத்தருகே நம்முடையது எது என்று எப்படித் தெரியும்? பக்கத்து நாற்காலிக்காரர் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனாலும் நாம்தானே பணம் கட்ட வேண்டும்?

நான் (இரவு 8.38): பெரிய துணிக் கிளிப்புகளை மாட்டிவிடலாம். காற்றில் பறக்காது, அடையாளமும் தெரியும். அறைக்கு ஒரு நிறம் இருந்தால் போதும்.

சாட்ஸ்வொர்த் மாமா (இரவு 8.41): கிளிப்பையும் காந்தக் கொக்கியையும் நான் வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை காலை எங்கள் சாட்ஸ்வொர்த்தில் உள்ள பங்களாதேஷ் சந்தைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகிறேன். அங்கே கிடைக்காவிட்டால் டவுனில் பார்க்கிறேன். அறைக்கு எத்தனை கொக்கி?

அண்ணன் (இரவு 8.43): அறைக்கு நான்கு போதும், மாமா. கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் பொம்மைக் காந்தம் ஈரத் துண்டைத் தாங்காது.

பெரியம்மா (இரவு 8.45): எங்கள் அறைக்கு மஞ்சள் கிளிப் வாங்கு, தம்பி. ஐந்து மணிக்கு எழுந்தால் அதை எந்த நாற்காலியிலும் மாட்டாமல், எனக்கு ஒரு தேநீர் மட்டும் கொண்டு வா.