ஏ.ஆர். கண்ணாடிக்கு உண்மையான ஹோலோகிராம் தேவையா?

கதிரொளி:
எதிரே உள்ள உலகின்மேல் கணினிப் படங்களை மிதக்கவிடும் ஏ.ஆர். கண்ணாடியான ஹோலோலென்ஸை மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்தபோது, அதில் தெரிந்த உருவங்களை ஹோலோகிராம் என்றே அழைத்தது. உண்மையில் அது இரு கண்களுக்கும் சற்றே மாறுபட்ட படங்களைக் காட்டி ஆழத்தை நம்பவைக்கும் பழைய உத்தி. டென்னிஸ் கபோருக்கு 1971-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஹோலோகிராபியோ, பொருளிலிருந்து வரும் ஒளி அலையையே மறுபடி உருவாக்குகிறது. ஏ.ஆர். கண்ணாடிகள் அந்த வழிக்கு வந்தே தீர வேண்டும் என்பேன்.

தறிக்காரன்:
ஏன் வர வேண்டும்? விலை, எடை, பேட்டரி, இவைதான் வாங்குபவரின் கவலை. உள்ளே ஒளி எப்படிப் பிறந்தால் அவருக்கு என்ன? ஆழம் தெரிகிறது, அது போதும்.

கதிரொளி:
போதாது நண்பரே. ஹோலோலென்ஸில் படம் ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் குவிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டே அதன்மேல் மிதக்கும் குறிப்பைப் படித்துப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் திருகாணி மங்கும். திருகாணி தெளிந்தால் எழுத்து மங்கும். விழிகள் இரண்டும் அருகிலுள்ள புள்ளியை நோக்கித் திரும்புகின்றன, கண்ணின் லென்ஸோ 2 மீட்டருக்குக் குவிந்தாக வேண்டும். நெடுநேரம் அணிந்தால் கண் களைத்துப்போவதற்கு இது முக்கியக் காரணம். மேஜைமேல் வேலை செய்பவருக்கு இந்தக் கருவி எப்படிப் பயன்படும்?

தறிக்காரன்:
அதற்குத்தான் மேஜிக் லீப் நிறுவனம் 2018-லேயே தன் ஏ.ஆர். கண்ணாடியில் இரண்டு குவியத் தளங்களை, அதாவது படம் குவியும் இரண்டு தூரங்களை, வைத்ததே. அருகுக்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று.

நிறமாலை:
இரண்டு தளம் ஒட்டுப்போடும் வேலைதான், அதில் கதிரொளி பக்கமே நிற்கிறேன். ஆனால் ஹோலோகிராமுக்கு இயற்பியலே குறுக்கே நிற்கிறது. ஒளி அலையை வடிவமைக்கும் சில்லில் பிக்சல் 8 மைக்ரோமீட்டர் என்றால், பச்சை ஒளி மொத்தம் 4 பாகைக்கும் குறைவாகவே விரியும். லென்ஸ் வைத்துப் பார்வைக்கோணத்தை அகட்டினால், கண் இருக்க வேண்டிய இடம் அந்த அளவுக்குச் சுருங்கும். விழியை லேசாகத் திருப்பினாலே படம் காணாமல் போகும். இரண்டும் வேண்டுமென்றால் பிக்சல்களைப் பெருக்கத்தான் வேண்டும். என்விடியாவும் ஸ்டான்ஃபோர்டும் 2022-இல் காட்டிய மாதிரியின் ஒளியியல் பகுதி 2.5 மி.மீ. தடிமன்தான், பாராட்டுகிறேன். ஆனால் அது எதிரே இருப்பதைக் காட்டாத வி.ஆர். கண்ணாடி.

கதிரொளி:
2024-இல் ஸ்டான்ஃபோர்டு குழுவே வெளியுலகமும் தெரியும் ஏ.ஆர். மாதிரியை முழு வண்ணத்தில் காட்டிவிட்டது. பார்வைக்கோணம் இன்னும் சிறியது, மறுக்கவில்லை. கணக்கீட்டுச் சுமையும் இறங்கிவிட்டது: 2021-இல் எம்.ஐ.டி. குழுவின் நரம்பணு வலை (தரவிலிருந்து கற்கும் ஏ.ஐ. நிரல்), கடையில் கிடைக்கும் கிராஃபிக்ஸ் சிப்பிலேயே ஹோலோகிராமை உடனுக்குடன் கணக்கிட்டது. இன்னொன்றையும் யாரும் இங்கே சொல்லவில்லை. அணிபவரின் கண் பவரை அந்த அலையிலேயே எழுதிவிடலாம். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம்) உள்ளவருக்கும் காட்டும் படம் நேராகத் தெளியும், தனி லென்ஸ் வேண்டாம். வேறு எந்த முறை இதைத் தரும்?

நிறமாலை:
அந்த ஒன்றுக்காகவே ஆராய்ச்சி தொடர வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேசர் ஒளியில் படம் முழுவதும் மணல் தூவியதுபோல் பொரிபொரியாகத் தெரிகிறதே, அதைத் தணிக்கப் பல படங்களை அடுத்தடுத்து வேகமாகக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேகமும் இத்தனை பிக்சலும் மூக்கின்மேல் நிற்கும் ஒரு பேட்டரியில் ஓடுமா?