அப்டேட்: 32 ஃபோர்டு ஹாட் ராட், பழைய பெயிண்ட் தப்பிச்சிருச்சு

கலிஃபோர்னியால ஒரு ஷெட்ல கெடந்த 1932 ஃபோர்டு கூபே (ரெண்டு கதவு கார், வேகத்துக்காக மாத்திக் கட்டினது, அதான் ஹாட் ராட்), மேல இருக்க கறுப்ப சுரண்டிட்டு புதுசா அடிக்கலாமா இல்ல அடியில இருக்க 50கள் காலத்து மெரூன காப்பாத்தலாமான்னு கேட்டிருந்தேன்ல, பாதிப் பேரு "அடிச்சு விடு ப்ரோ"ன்னீங்க. அடிக்கல.

மொதல்ல டிக்கி உள்பக்கம், யாரு கண்ணுலயும் படாத, ரெண்டு கலரும் தெரியற எடத்துல, பஞ்சுல துளி தின்னர் தொட்டு தேச்சேன், கறுப்பு சட்டுன்னு அசையல, மெரூன் மட்டும் பஞ்சுல ஒட்டிட்டு வந்துச்சு. அப்ப கீழ இருக்கறது லாக்கர் (தின்னர் பட்டா கரையற பெயிண்ட்), மேல எனாமல் (அவ்ளோ சுலபமா கரையாதது). சோ தின்னர், ரிமூவர் எதையும் கிட்ட விடல, 1000, அப்புறம் 1500 வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணி, கையாலயே, மெரூன் எட்டிப் பாத்ததும் நிறுத்திரணும், இன்னொரு இழுப்பு இழுத்தா ப்ரைமர் வந்துரும். கதவுக்குக் கீழ க்ரீம் கலர்ல கையால போட்ட பின்ஸ்ட்ரைப் (மெல்லிசான அலங்காரக் கோடு) தெரிஞ்சப்ப சத்தியமா விசிலே அடிச்சேன்!

கதவுக்கு முன்னாடி கீழ்ப் பக்கம் துரு ஓட்டை. வெல்டிங் சூட்டுல பெயிண்ட் கொப்பளிச்சிரும், அதனால சுத்தி ஈரத்துணி போட்டு ஒரு பொட்டு வச்சு, ஆறவிட்டு, அடுத்த பொட்டு. பொறுமை போச்சு.

பிரேக்ல மட்டும் செண்டிமெண்ட் கெடயாது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக் குடுத்ததே 1939 மாடல்லதான், அந்த செட்ட அந்தக் காலத்துப் பசங்களே இதுல மாட்டிருக்காங்க, ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு போட்டாச்சு.

பானெட்ல உள்ளங்கை அளவு வெறும் தகரம் தெரியுது, டச்சப் பண்ணச் சொல்லாதீங்க, வாக்ஸ் மட்டுந்தான். அடுத்து ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜின், ரேடியேட்டர கழட்டிட்டு வந்து போட்டோ போடறேன்.