மறு: ‘வாக்கபிலிட்டி’க்கு என்ன சொல் வைக்கலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நகரப் பகுதி நடந்து புழங்க எவ்வளவு ஏற்றது என்பதைக் குறிக்கும் ‘வாக்கபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த உரையாடலில் நடைதிறன், நடைத்தகவு, நடப்பியல்பு, நடையெட்டு என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. அதிக ஆதரவு நடைதிறனுக்குத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஓர் அன்பர் கேட்டது:

> கரைதிறன், கடத்துதிறன் எல்லாம் பாடநூலிலேயே இருக்கும்போது நடைதிறனுக்கு என்ன குறை?

குறை இருக்கிறது. உப்பு கரைகிறது, அதனால் கரைதிறன் உப்பினுடையது. செம்புக்கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது, கடத்துதிறன் கம்பியினுடையது. தெரு நடப்பதில்லையே, நடப்பது ஆள்தானே! எங்கள் ஊர் வடசேரிப் பகுதியைப் பற்றி ‘வடசேரியின் நடைதிறன் குறைவு’ என்று எழுதினால் வடசேரிக்காரர்களுக்கெல்லாம் மூட்டுவலி என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். பிசியோதெரபி செய்கிறவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்படும், அவர்களுக்கே விட்டுவிடலாம்.

நடப்பியல்பு வேண்டாம். நடப்பியல் என்பதை ரியலிசத்துக்கு இலக்கியக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். நடைத்தகவு கேட்க நன்றாக இருந்தாலும் இயற்பியலில் தகவு என்றால் விகிதம், இந்தத் துறையில் விகிதங்களுக்குப் பஞ்சமில்லை. நடையெட்டுக்குக் கொடுத்த ‘நடந்தால் எட்டுவது’ என்ற விளக்கம் அழகு. ஆனால் மொட்டை மாடியில் கோடு போட்டு எட்டு நடக்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் அது எடுபடாது.

சொல்லைத் தேடும் முன் எதை அளக்கிறார்கள் என்று பார்ப்போம். பலரும் முதலில் நினைப்பது வாக் ஸ்கோர் என்ற இணையச் சேவையைத்தான். 2007-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கியது, 2014-ல் ரெட்ஃபின் என்ற வீட்டுமனை நிறுவனம் வாங்கிக்கொண்டது. 0 முதல் 100 வரை மதிப்பெண். ஒரு முகவரியிலிருந்து மளிகைக்கடை, பள்ளி, பூங்கா, உணவகம் போன்றவை எவ்வளவு தூரம் என்று பார்க்கிறது. ஐந்து நிமிட நடைக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் இருந்தால் முழு மதிப்பெண். தூரம் கூடக்கூட மதிப்பெண் குறைந்து, 30 நிமிடத்துக்கு மேல் போனால் ஒன்றும் கிடையாது. தெருச்சந்திப்புகளின் நெருக்கத்தையும் மக்கள் அடர்த்தியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 90-க்கு மேல் வாங்கினால் அது நடப்பவர்களின் சொர்க்கமாம்.

இந்தக் கணக்கை அப்படியே நாகர்கோவிலில் போட்டுப் பாருங்கள். வேப்பமூடு, மணிமேடை, செட்டிகுளம் வட்டாரத்தில் மருந்துக்கடை, வங்கி, பள்ளிக்கூடம், காய்கறி, டீக்கடை எல்லாம் கூப்பிடு தூரம். மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும், சொர்க்கமேதான்! இறங்கி நடந்தால் கதை வேறு. ஓடையை மூடிய சிலாப்தான் பல இடங்களில் நடைபாதை. ஒரு சிலாப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், அடுத்ததை மிதித்தால் ஆடும், அதற்கடுத்தது இருக்கவே இருக்காது. ஒழுங்காக இருக்கிற நாலு சிலாப் மேல் கடைப்பலகையும் ஸ்டாண்ட் போட்ட பைக்கும். கைக்குழந்தையோடு வருகிற பெண் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கின நொடி பின்னால் ஹாரன். இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டி, நடக்கும் அகலம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்கிறது. டேப் எடுத்துக்கொண்டு போகிற ஆர்வம் யாருக்காவது இருந்தால் போய் வாருங்கள்.

மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில்நாட்டில் வீடுகள் வரிசையாகத் தெருவில் நிற்கும், சுற்றி வயல். விளவங்கோடு பக்கம் ஒவ்வொரு வீடும் தன் விளையில், அதாவது தோட்டத்தில், தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே தனியாக இருக்கும். பலசரக்குக் கடைக்கே கால் மணிநேரம் ஆகலாம். வாக் ஸ்கோர் கணக்குப்படி அநேகமாக ஃபெயில். ஆனால் சானல் (பாசனக் கால்வாய்) கரை வழியாக நிழலில் வண்டித் தொல்லை இல்லாமல் நடக்கலாம். மழையில் வழுக்கும் என்பது வேறு விஷயம்.

ஆக இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. போக வேண்டியது பக்கத்தில் இருக்கிறதா என்பது ஒன்று, போகிற வழி நடக்கிற மாதிரி இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ‘நடைதூரம்’ போதும், ஏற்கெனவே எல்லாரும் சொல்வதுதான். இரண்டாவதற்கு என் பரிந்துரை ‘நடைத்தோது’. ‘பஸ் ஸ்டாண்டுக்கு இந்த வழி தோது’ என்று சொன்னால் யாருக்கும் அகராதி தேவைப்படாது. தோது என்பது வழியின் குணம், நடக்கிற ஆளின் திறமை அல்ல. அப்புறம், எழுபது வயது அம்மாவுக்குத் தோதா, சக்கர நாற்காலிக்குத் தோதா என்று ‘யாருக்கு’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

— நாகர்கோவிலிலிருந்து

---

மார்த்தாண்டம் அன்பரின் மறுமொழி:

நடைதிறன் பற்றிச் சொன்னது சரி, என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரண்டாகப் பிரிப்பதில் சிக்கல் உண்டு. ஆய்வாளர்கள் ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் வைக்கிறார்கள். செர்வெரோவும் காக்கெல்மனும் 1997-ல் அடர்த்தி, நிலப்பயன்பாட்டின் பன்மை, வடிவமைப்பு என்று மூன்றை வைத்துத்தான் மக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அந்த வழியில் வந்த கட்டுரையை மொழிபெயர்க்கும்போது வரிக்கு வரி எந்தச் சொல்லைப் போடுவது? மேலும் தோது பேச்சுவழக்கு. ஆய்வேட்டில் எழுதினால் வழிகாட்டி சிவப்பு மையால் சுழிப்பார்.

---

நாகர்கோவிலிலிருந்து மீண்டும்:

நன்றி. பிரிக்க வேண்டாம், அடுக்கிவிடலாம். மொத்தத்துக்கும் நடைத்தோது. அதன் கூறுகளில் ஒன்று நடைதூரம், மற்றவை நடைபாதையின் நிலை, சாலையைக் கடக்கும் வசதி, நிழல், இரவில் வெளிச்சம். மூலத்தில் ஒரு சொல் வந்தால் தமிழிலும் ஒன்றே வரும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் மேம்பாலம் திறந்தார்கள். கீழே வீட்டுக்கும் சந்தைக்கும் உள்ள தூரம் ஒரு அடிகூட மாறவில்லை, சாலையைக் கடக்கிற விதம் மாறிவிட்டது. நல்லதற்கா கெட்டதற்கா என்பதை மார்த்தாண்டத்துக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். தூரத்தை மட்டும் எண்ணுகிற கணக்கில் அந்த மாற்றம் பதிவாகவே ஆகாது.

பேச்சுவழக்கு என்பதைக் குறையாக நான் பார்க்கவில்லை. வார்டு கூட்டத்தில் எழுந்து ‘எங்கள் தெரு நடைத்தோதாக இல்லை’ என்று ஒருவர் சொல்ல முடிய வேண்டும். சிவப்பு மை காய்ந்துவிடும். ‘நடைத்தோதான தெரு’, ‘நடைத்தோதற்ற சந்திப்பு’ என்று பெயரடையும் சிரமமில்லாமல் வருகிறது. அளவுகோலுக்கு விலைவாசிக்குச் சொல்வதுபோல் ‘நடைத்தோதுக் குறியீட்டெண்’. வாக் ஸ்கோர் ஒரு நிறுவனத்தின் பெயர், அதைத் தொட வேண்டாம்.

பாக்கி இருப்பது ஒற்று. நடைப்பயிற்சியில் ப் போடுகிறோம், நடைபாதையில் போடுவதில்லை. நடைத்தோதில் த் வேண்டுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொன்னால் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.