300 வெள்ளிக்குள் ஒரு ஜோடி ஸ்பீக்கர், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. பகலில் அப்பா ஒலி 96.8 வானொலி கேட்க, இரவில் நான் நாகசுவரம் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும். எடிஃபையர் ஆர்1280டிபி பார்த்து வைத்திருக்கிறேன்: ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது, புளூடூத், டிவியை இணைக்க ஆப்டிகல் இரண்டும் உண்டு, காற்றுத் துளை முன்பக்கம் என்பதால் சுவரை ஒட்டி வைத்தாலும் பாஸ் (தாழ்ந்த ஒலி) அவ்வளவாகக் குமுறாது. ஆனால் கரோசல் செயலியில் பழைய வார்ஃப்டேல் டயமண்ட் ஸ்பீக்கர் வாங்கி ஒரு சின்ன ஆம்ப் சேர்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சவுண்ட்பார் வேண்டாம், அந்த விலையில் பெரும்பாலும் இடம் வலம் அவ்வளவாகப் பிரிந்து கேட்காது. எடிஃபையர், வார்ஃப்டேல் இரண்டையும் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருப்பதால் குறைந்த ஒலியிலும் தவிலின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கேட்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். அப்புறம், ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் இந்த விலைக்கும் பொறுமையாகப் போட்டுக் காட்டும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.