பைக் பேட்டரியிலிருந்து போன் சார்ஜர்: 7805 கொதிக்கிறது, சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது

உப்பளத்துக்காரன்:
வணக்கம். ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். பவர் பேங்க் இரண்டாம் நாளே தீர்ந்தது, அப்புறம் ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டு வாசலில் வரிசையில் நின்றோம். இந்த மழைக்காலத்துக்கு முன்னால் கையிலேயே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பைக் பேட்டரி 12 வோல்ட், 4 ஆம்பியர் அவர். அதிலிருந்து ஒரு 7805 (வோல்ட்டை 5-க்கு இறக்கித் தரும் மூன்று கால் ஐசி), அதன் அவுட்புட்டில் யூஎஸ்பி சாக்கெட். அவ்வளவுதான், கப்பாசிட்டர் எதுவும் போடவில்லை. மீட்டரில் 5.02 வோல்ட் காட்டியது, சந்தோஷமாகப் போனைச் சொருகினேன். நாலைந்து நிமிடம் சார்ஜ் ஏறுகிறது, நிற்கிறது, 'டிங்' என்று மறுபடி ஏறுகிறது. விடிய விடிய இதே கதை. 7805-ஐத் தொட்டேன், விரலில் கொப்பளம். சார்ஜில் இருக்கும்போது டச் வேறு தானாகவே எதையாவது அமுக்குகிறது. ஐசி டூப்ளிகேட்டா? இரண்டு 7805-ஐ ஒன்றாகச் சேர்த்துப் போட்டால் சரியாகுமா?

சால்டர் புகை:
12 வோல்ட் பக்கம் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்க அண்ணா. ஐசி சூடு குறையும்.

பழைய ரேடியோ:
தம்பி, ஐசி டூப்ளிகேட் இல்லை. ஒழுங்கான ஐசி என்பதால்தான் சூடு எல்லை மீறும்போது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ஆறினதும் எழுந்திருக்கிறது. உங்களுக்குக் கேட்கும் 'டிங்' அதுதான்.

7805 மிச்ச வோல்ட்டைச் சூடாக மாற்றித்தான் 5 தருகிறது. பேட்டரியில் 12.6, போனுக்கு 5, நடுவில் 7.6 வோல்ட். போன் அரை ஆம்பியர் இழுத்தாலே 3.8 வாட் அந்தச் சின்ன உடம்பில் இறங்கும். ஹீட் சிங்க், அதாவது சூட்டை வாங்கி வெளியேற்றும் தகடு, இல்லாமல் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி ஏறும். பெருக்கிப் பாருங்கள், அது தாங்குமா? பெரிய அலுமினியத் தகடு வைத்தால் அணையாமல் ஓடும். ஆனால் பேட்டரியில் இருப்பதில் 40 சதவீதம்தான் போனுக்குப் போகும், மீதி தகட்டைச் சூடாக்கும். கரண்ட் இல்லாத நாளில் அது அநியாயம்.

இரண்டு 7805 சேர்ப்பது வேண்டாம். இரண்டும் ஒரே வோல்ட் தராது, கொஞ்சம் அதிகம் தருவதன் தலையில்தான் பாரம் விழும். சால்டர் புகை தம்பி சொன்ன ரெசிஸ்டர் தப்பில்லை, ஆனால் ஒரே சூட்டை இரண்டு இடத்தில் பங்கு போடுகிறது. போன் 0.8 ஆம்பியர் கேட்டால் ரெசிஸ்டரே 8 வோல்ட்டைத் தின்றுவிடும், 7805-க்கு மிஞ்சுவது 4.6. அது வேலை செய்ய 7-க்கு மேல் வேண்டும்.

டச் துள்ளுவதற்குக் காரணம் கப்பாசிட்டர் இல்லாதது. இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட், ஐசி காலை ஒட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவுட்புட் நடுங்கும்.

ஆனால் நான் சொல்வது, 7805-ஐ விட்டுவிடுங்கள். எல்எம்2596 பக் மாட்யூல், அதாவது வோல்ட்டைக் குறைத்துத் தரும் சின்ன போர்டு, ஒன்று வாங்குங்கள். சென்னை வந்தால் ரிச்சி தெருவில் கடைக்குக் கடை இருக்கும். அது மிச்ச வோல்ட்டை எரிக்காது, நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை திறந்து மூடி, காயிலில் தேக்கித் தருகிறது. 12-லிருந்து 5-க்கு 80 சதவீதம் வரை தேறும்.

நள்ளிரவு டெஸ்டர்:
பேட்டரியே எதற்கு? நேராக 230 வோல்ட்டில் ஒரு கப்பாசிட்டர், பிரிட்ஜ், ஜீனர் போட்டு நான் எல்இடி எரிக்கிறேன். அதையே சார்ஜராக்கலாமே?

பழைய ரேடியோ:
கூடவே கூடாது. 0.33 மைக்ரோ ஃபாரட் போட்டால் 230 வோல்ட்டில் கிடைப்பது 24 மில்லி ஆம்பியர்தான். அரை ஆம்பியருக்கு 7 மைக்ரோ ஃபாரட் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. யூஎஸ்பி சாக்கெட்டின் தகரம் நேராக வீட்டு லைனோடு சேர்ந்திருக்கும். ஈரக்கையோடு போனை எடுத்தால் அவ்வளவுதான். எல்இடியை யாரும் காதில் வைத்துப் பேசுவதில்லை. அவர் கேட்பதும் கரண்ட் இல்லாத நாளுக்கு.

உப்பளத்துக்காரன்:
ஐயா, மாட்யூல் வந்துவிட்டது. நல்லவேளை, போனைச் சொருகும் முன் அளந்தேன். அவுட்புட்டில் கிட்டத்தட்ட 12 வோல்ட்! நீலப் பெட்டியிலுள்ள ஸ்க்ரூவைப் பத்துச் சுற்று திருப்பியும் வோல்ட் அசையவில்லை, பழுது என்றே நினைத்தேன். அப்புறம் மெல்ல இறங்கியது. 5.1-ல் நிறுத்தி, ஸ்க்ரூ நகராமலிருக்க நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிட்டேன் (அக்காவுடையது, சொல்லவில்லை). சூடு இல்லை, டச் துள்ளவில்லை. ஆனால் 'மெதுவாகச் சார்ஜ் ஆகிறது' என்கிறது. போன் 33 வாட் ஆச்சே?

பழைய ரேடியோ:
33 வாட் அந்த போனோடு வந்த சார்ஜரிடம் மட்டும் பேசி வாங்குவது. நம்மிடம் 5, 6 வாட் வந்தால் போதும். சாக்கெட்டின் நடு இரண்டு கால்கள், அதாவது டேட்டா கால்கள், சும்மா இருக்கின்றனவா? போன் அதைக் கம்ப்யூட்டர் போர்ட் என்று நினைத்து அரை ஆம்பியரோடு நின்றுகொள்ளும். அந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று சால்டர் செய்யுங்கள், பிளஸ்ஸோடும் மைனஸோடும் சேராமல். அப்போது 'இது சார்ஜர்' என்று தெரிந்து ஒன்றரை ஆம்பியர் வரை எடுக்கலாம்.

அதற்கு முன் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அவுட்புட்டில் கட்டி அரை மணி ஓட்டுங்கள். ஒரு ஆம்பியர் இழுக்கும். 5-க்கு அருகிலேயே நின்றால் போன். கேபிளும் தடிமனானதாக, குட்டையாக இருக்கட்டும். அரை ஓம் உள்ள மெல்லிய கேபிள் ஒரு ஆம்பியரில் அரை வோல்ட்டைத் தின்றுவிடும்.

சால்டர் புகை:
பேட்டரியை எவ்வளவு இறக்கலாம் ஐயா?

பழைய ரேடியோ:
12-க்குக் கீழே விடாதீர்கள். ஈய பேட்டரி, முழுக்க இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், பைக்கும் செல்ஃப் எடுக்காது. 12 வோல்ட்டை 4 ஆம்பியர் அவரால் பெருக்கினால் 48 வாட் அவர், அதில் பாதி எடுத்தால் 24. மாட்யூல் இழப்பு போக 19. 5,000 மில்லி ஆம்பியர் அவர் போன் பேட்டரியும் அதே 19 தான். போனுக்குள்ளும் கொஞ்சம் வீணாகும், ஆக ஒரு தடவைக்குச் சற்றுக் குறைவாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பளத்துக்காரன்:
செய்து பார்த்தேன். ரெசிஸ்டரில் 4.96-ல் நின்றது. போன் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு வர இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறவிட்டு அளந்தால் பேட்டரி 12.4, பைக் செல்ஃபில் எடுத்தது. அம்மா இப்போதே தன் பட்டன் போனைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய ரேடியோ:
நல்லது தம்பி. ஃபியூஸ் எங்கே?

உப்பளத்துக்காரன்:
2 ஆம்பியர், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நாலு விரல் தள்ளி. நேற்று போட்டேன் ஐயா.

பழைய ரேடியோ:
முந்தாநாள் போட்டிருக்க வேண்டும்.