கண்மூடி அசைதலும் சாட்சி வட்டமும்: முதன்முறை நடத்துவது எப்படி?

நிழல்மரம்:
வணக்கம். எங்கள் நாடகக் குழுவில் ஆறு பேர். ஒருவர் வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கலைக்கு வருகிறார். அந்த வாழ்க்கைக் கடப்பை 'ஆதென்டிக் மூவ்மென்ட்' முறையில் (ஒருவர் கண்ணை மூடி உள்ளிருந்து எழும் அசைவின்படி அசைய, இன்னொருவர் சாட்சியாக உட்கார்ந்து பார்ப்பது) ஒரு சடங்காகச் செய்ய ஆசை. எவ்வளவு நேரம்? இசை வேண்டுமா? சாட்சியாக உட்காருபவருக்கு என்ன வேலை? சாமியாட்டம் போல ஆகிவிடுமோ என்று ஒரு தோழிக்குப் பயம்.

செம்பருத்தி:
இசை வேண்டாம். சாமியாட்டத்தில் உடுக்கையும் பம்பையும் ஆளை ஏற்றிவிடும். இங்கே வெளித்தாளம் கிடையாது, உள்ளிருந்து எழும்வரை காத்திருக்க வேண்டும். எதுவும் எழவில்லையா, அசையாமல் படுத்திருங்கள், அதுவும் சரிதான்.

முதல் சில அமர்வுகளை இருவர் இருவராகச் செய்யுங்கள். அசைபவர் கண்ணை மூடுவார். சாட்சி ஓரத்தில் உட்கார்ந்து, மணியடித்துத் தொடங்கி, மணியடித்து முடிப்பார். ஆரம்பத்தில் 5 நிமிடம் போதும், பழகியபின் 15-20. மூக்குக்கண்ணாடி, வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஓடவோ சுழலவோ கைகாலை வீசவோ தோன்றினால் அந்தக் கணமே கண்ணைத் திறக்க வேண்டும். இதில் மட்டும் கறாராக இருங்கள், அடிபடுவது இங்கேதான்.

மணிக்குப் பின் 5 நிமிடம் பேச்சு கிடையாது, எழுதலாம், வரையலாம். பிறகு அசைந்தவர் முதலில் பேசுவார், நிகழ்காலத்தில்: "சுவரை உரசிக்கொண்டே போகிறேன்." அவர் கேட்டால் மட்டும் சாட்சி பேசுவார்.

தறியோசை:
பல குழுக்கள் கோட்டை விடுவது சாட்சியிடம்தான். "நீ அப்பாவை நினைத்து அழுதாய்" என்பது ஜோசியம். "உன் வலது உள்ளங்கை தரையைத் தடவுவதைப் பார்க்கிறேன். என் தொண்டை இறுகுகிறது" என்று சொல்லிப் பழகட்டும். கண்டதையும் தனக்குள் நேர்ந்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அசைந்தவர் தானே பேசாத அசைவைப் பற்றிச் சாட்சி வாய்திறக்கக் கூடாது. சாட்சி தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால், அடுத்த முறை அசைபவர் அவருக்காக நடிப்பார். நாடகக்காரர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கலிஃபோர்னியாவில் இதைத் தொடங்கிய மேரி ஸ்டார்க்ஸ் வைட்ஹவுஸ், ஜெர்மன் நடனக் கலைஞர் மேரி விக்மனிடம் நடனம் பயின்றவர், சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் உளவியலில் ஊறியவர். 'அசைகிறேன்', 'அசைக்கப்படுகிறேன்' என்ற இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் முக்கியமாகப் பிடித்துக்கொண்டார். சாட்சியின் பங்கை ஒரு தனிப் பயிற்சி நெறியாகவே வளர்த்தெடுத்தவர் அவரிடம் பயின்ற ஜேனட் அட்லர்.

நிழல்மரம்:
மிக்க நன்றி. கடப்பு நாளன்று ஆறு பேரும் சேர்ந்து செய்யலாமா?

செம்பருத்தி:
செய்யலாம். வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரின் கண்களையும் அவசரமில்லாமல் பார்க்கட்டும். என்னைக் கேட்டால் சடங்கின் கனமே அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. பிறகு 30 நிமிடம். விரும்பியபோது வட்டத்துக்குள் போய் அசையலாம், வெளியே வந்தால் சாட்சி. எந்நேரமும் மூவராவது ஓரத்தில் இருக்க வேண்டும். கடப்பவரை நடுவில் நிறுத்தி எதையும் நடத்திவைக்காதீர்கள்.

தறியோசை:
யாருக்காவது மூச்சு வேகமாகி விரல்கள் மரத்துப்போனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளங்காலைத் தரையில் ஊன்றி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்லட்டும். மாயக்குரல் கேட்கும் மனநோய் இருந்தவர்களையும், அண்மையில் பெரிய அதிர்ச்சிக்கு உள்ளானவர்களையும் தேர்ந்த சிகிச்சையாளர் இல்லாமல் சேர்க்க வேண்டாம். இதை அழைக்கும்போதே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.