ஹெய்த்தியக் கிரியோல்: பிரெஞ்சின் பேச்சு வழக்கா, தனி மொழியா?

கடலோடி:
கரீபியன் தீவு நாடான ஹெய்த்தியின் கிரியோலை, அதாவது பிரெஞ்சுக் குடியேற்றக் காலத் தோட்டங்களில் உருவாகி இன்று மக்கள் பேசுவதை, தனி மொழியாகக் கொண்டு, பிரெஞ்சுக்குப் பதிலாக அதையே பயிற்றுமொழியாக்க வேண்டும் என்னும் வாதம் எனக்கு ஏற்புடையதன்று. அதன் சொற்களில் மிகப் பெரும்பான்மை பிரெஞ்சிலிருந்து வந்தவை. இரட்டை வழக்கு, அதாவது ஒரே மொழியின் பேச்சு வடிவமும் உயர் வடிவமும் தனித்தனிப் பயன்பாட்டில் இருப்பது பற்றி 1959இல் எழுதிய மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசனும் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன் ஆகியவற்றோடு ஹெய்த்தியையும் எடுத்துக்காட்டினார். வீட்டில் பேச்சுத் தமிழும் பள்ளியில் எழுத்துத் தமிழுமாக நாம் வளர்ந்ததைப் போன்றதே அதுவும்.

வேர்ச்சொல்:
சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொண்டு ஒரு மொழியின் அமைப்பை அளக்க முடியாது, ஐயா. பிரெஞ்சு வினை தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப ஈறு மாறும்; கிரியோலின் 'மான்ஜே' (உண்) யார் உண்டாலும் மாறாது. அதன் முன் 'தே' வந்தால் நிகழ்ந்து முடிந்தது, 'அப்' வந்தால் நிகழ்ந்துகொண்டிருப்பது. அவன், அவள், அது மூன்றுக்கும் 'லி' ஒன்றே. பிரெஞ்சில் மேசை என்னும் சொல்லுக்கு முன்னே நிற்கும் 'லா' இங்கே 'தாப் லா' என்று பின்னே போகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோன் மொழியிலும் இத்தகைய சுட்டு பெயருக்குப் பின்னரே வரும். ஹெய்த்தியின் முன்னைய வடிவமான சான்-தொமாங் என்னும் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த சுமார் 5 லட்சம் அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது.

கடலோடி:
நீங்கள் காட்டிய 'அப்', பிரெஞ்சின் 'அப்ரே' என்னும் சொல்லே. ஒரு செயலில் ஈடுபட்டிருப்பதை 'எத்ர் அப்ரே' என்று சொல்லும் வழக்கு கியூபெக்கிலும் லூசியானாவிலும் உண்டு. தோட்டங்களில் அடிமைகள் கேட்டது பாரிசின் அரசவைப் பிரெஞ்சை அன்று, பிரான்சின் மேற்குக் கரையோர மாலுமிகளும் குடியேறிகளும் பேசிய வட்டார வழக்குகளை. அவற்றோடு ஒப்பிட்டால் நீங்கள் சொல்லும் இடைவெளி பெரிதும் குறையும்.

வேர்ச்சொல்:
'அப்' குறித்து நீங்கள் சொல்வது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சுத் தமிழோடு செய்த ஒப்பீட்டை ஏற்க இயலாது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டியும் மேடைப் பேச்சையும் வானொலிச் செய்தியையும் பெருமளவு புரிந்துகொள்வார். ஹெய்த்தியில் மக்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு தெரியாது. அதனாலேயே ஃபெர்குசனின் பட்டியலில் ஹெய்த்தி இடம்பெற்றதைப் பின்வந்தவர்கள் மறுத்தார்கள். 1804இல் விடுதலைப் பிரகடனமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புதான் கிரியோலையும் ஆட்சிமொழியாக்கி, ஹெய்த்தியர் அனைவரையும் இணைக்கும் பொதுமொழி என்று அதைக் குறித்தது. வீட்டில் ஒரு சொல்கூடக் கேட்டிராத மொழியில் ஆறு வயதுக் குழந்தையிடம் கணக்கைக் கேட்டுவிட்டு, விடை வராதபோது குழந்தையைக் குறை சொல்வது கொடுமை.

தீவுவாசி:
கிரியோலில் கற்பிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்கள் இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்சைப் பார்க்கலாம். அங்கு 1982இல் தொடக்கப் பள்ளியில் அந்நாட்டுக்கே உரிய, பிரெஞ்சு வழிவந்த கிரியோல் பயிற்றுமொழியானது. மொரீஷியசிலோ பெரும்பாலோர் வீட்டில் பேசும் கிரியோல் 2012இல்தான், அதுவும் விருப்பப் பாடமாக மட்டுமே, பள்ளிக்குள் நுழைந்தது.

கடலோடி:
தொடக்க வகுப்புகளில் கிரியோல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். பேச்சுத் தமிழோடு செய்த ஒப்பீட்டையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அது பிரெஞ்சின் வட்டார வழக்குகளிலிருந்து கிளைத்தது என்னும் கருத்தை, 'தாப் லா' என்னும் ஒரு சான்றுக்காக மட்டும் நான் கைவிட மாட்டேன்.